கண் படித்தது, காரணம் நழுவியது

(கவனம் நிலைக்காத குழந்தைகளின் வாசிப்புப் புரிதல் குறித்து ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மாலை வேளையில் தவறாமல் காதில் விழும் பேச்சு ‘கவனமாப் படி’ என்பது. பிள்ளை பாடநூலில் ஒரு பத்தியைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்து முடிக்கிறது. உச்சரிப்பில் குற்றமில்லை, நிறுத்தற்குறி கண்ட இடத்தில் நிறுத்தவும் செய்கிறது. நூலை மூடிவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால், ‘ஏரி... கிணறு... அப்புறம் மழை’ என்று மூன்று சொற்கள் வருகின்றன. அவற்றுக்கு இடையில் ஒன்றுமே இல்லை. கண் புத்தகத்தில் இருந்தது, மனம் எங்கோ இருந்தது என்று பெரியவர்கள் முடிவுகட்டுகிறார்கள். ஆகவே, திரும்பப் படி, இந்த முறையாவது கவனமாப் படி. பிள்ளை அதே பத்தியை அதே விதமாக இன்னொரு முறை வாசிக்கிறது. அதே மூன்று சொற்கள் திரும்பி வருகின்றன. இந்த அறிவுரை பலிக்காததற்குப் பிள்ளையின் சோம்பலோ பிடிவாதமோ காரணம் என்று நான் கருதவில்லை. கவனத்தை முதலில் சேகரித்துக்கொண்டு வந்து, அதன்பின் வாசிக்க உட்கார வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது அப்படி இல்லை. ஒரு செய்தி அடுத்த செய்தியோடு கோத்துக்கொள்ளும்போதுதான் கவனத்துக்குத் தங்க இடம் கிடைக்கிறது. கோவை அறுந்த இடத்தில் அது எழுந்து போய்விடுகிறது. கவனம் எளிதில் சிதறும் பிள்ளைகளின் வாசிப்பில் முதலில் அறுவது இந்தக் கோவைதான். அதைக் கோக்கும் வேலையை நேரடியாகக் கற்றுக்கொடுக்க முடியும். கவனம் சரியாகட்டும், பிறகு புரிதலைப் பார்க்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. இன்று நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று தமிழிலும், ஏ.டி.எச்.டி. என்று மருத்துவமனைகளிலும் சொல்லப்படுகிற நிலை ஒன்று உண்டு. 2013-இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டின்படி அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான ஒரு கணக்கு, ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் இது இருப்பதாகச் சொல்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் இருவர். ஓடியாடித் தொல்லை தரும் பையன் உடனே கண்ணில் பட்டுவிடுவான். கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை யார் கண்ணிலும் படமாட்டாள். மருத்துவரிடம் போகும் அளவுக்கு இல்லாமலேயே இந்தச் சிக்கலோடு போராடுகிற பிள்ளைகள் இன்னும் பலர். இதெல்லாம் கைபேசி வந்தபின் வந்த கேடு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கவனத்தை நிலைநிறுத்த இயலாத நிலையை அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1798-இலேயே எழுதிவைத்திருக்கிறார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவே ஆற்றினார். கைபேசி இந்தப் பிள்ளைகளின் பாட்டைக் கடினமாக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. சிக்கலை அது பெற்றெடுக்கவில்லை.

வாசித்துப் புரிந்துகொள்வது என்ற வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்புப் புரிதல். கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். ஆகவே, எந்தப் பிள்ளையானாலும் எழுத்துக்கூட்டி வாசிப்பதில் தடை இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா என்ற எழுத்து வாசிப்புத் தடை ஆகிய இரண்டில் ஒன்று உள்ள பிள்ளைகளில் 25 முதல் 40 விழுக்காட்டினருக்கு மற்றதும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்தத் தடை இருந்தால் அதற்கான பயிற்சியே முதல் வேலை. தமிழில் நம்மை ஏமாற்றும் ஒரு நிலையும் உண்டு. நம் எழுத்துமுறை பெரிதும் எழுதியபடி ஒலிப்பது. எழுத்து கைவந்துவிட்டால், பொருள் தெரியாத சொல்லையும் பிள்ளை சரளமாக வாய்விட்டு வாசித்துவிடும். நாமும் வாசிப்பை வாயால்தான் அளக்கிறோம். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் கணக்கெடுப்பின் வாசிப்புக் கருவிகூட, பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான். அந்த அளவீட்டுக்கு அதற்குரிய பயன் உண்டு. ஆனால், சரளமாக வாசிக்கிறான், ஆகவே புரிந்திருக்கும், புரியவில்லை என்றால் அக்கறை இல்லை என்று நாம் அடுத்தடுத்துத் தாவுகிற முடிவுகளுக்கு அது துணையாகாது.

வாசிக்கத் தெரிந்தும் புரியாத பிள்ளைகளிடம் என்ன நடக்கிறது? 2013-இல் மில்லர், கீனன் முதலானோர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று இதற்கு நல்ல தடயம் தருகிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளையும், சொற்களை வாசிக்கும் திறனில் அவர்களுக்குச் சமமான மற்றப் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியை வாசித்துவிட்டு, நினைவில் உள்ளதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வாசிப்புத் திறன் சமம் என்பதால், எழுத்துத் தடை என்று சாக்குச் சொல்ல இடமில்லை. கவனம் வெறுமனே அவ்வப்போது அணைந்து எரிகிறது என்றால், இழப்பு எங்கும் ஒரே அளவாகத் தூவிக் கிடக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. ஓரத்துச் செய்திகளைவிட, மையக் கருத்துகளில்தான் அவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் மிகவும் பின்தங்கினார்கள். மையக் கருத்து என்பது ஒரு வரியில் உட்கார்ந்திருப்பது அன்று. பல வரிகள் ஒன்றோடொன்று கைகோக்கும்போது உருவாவது. முன்வரியைக் கையில் பிடித்துக்கொண்டே பின்வரியை வாங்கிக்கொள்ள வேண்டும். உளவியலார் செயல்நினைவு என்று அழைக்கும் அந்தப் பிடிப்புதான், மையத்தை நினைவுகூரும் திறனை மற்ற எல்லாக் காரணிகளையும்விட அதிகமாக விளக்கியது.

இதே உண்மையை எழுத்தே இல்லாத ஓர் இடத்தில் கண்டவர்கள், கென்டக்கி பல்கலைக்கழகத்தின் எலிசபெத் லார்ச்சும் ரிச்சர்ட் மிலிச்சும். தொலைக்காட்சிக் கதையைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டினார்கள். ஒரு முறை அறையில் விளையாட்டுச் சாமான்கள் இருந்தன. இன்னொரு முறை இல்லை. சாமான்கள் இருந்தபோது ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் திரையைப் பார்த்த நேரம் வெகுவாகக் குறைந்தது. அது எதிர்பார்க்கக்கூடியதே. வியப்பு என்னவென்றால், யார், எது, எங்கே என்ற தனித்தனிச் செய்திகளைக் கேட்டபோது அவர்கள் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. ஏன் நடந்தது என்று கேட்டபோதுதான் பின்தங்கினார்கள். காரணம் தேடிப் போனபோது, நீண்ட பார்வைகளில் அது தென்பட்டது. 15 விநாடியோ அதற்கு மேலோ இடையறாமல் பார்க்கும் பார்வைகள் அவர்களிடம் குறைந்துபோயிருந்தன. துண்டுப் பார்வைகளுக்குச் செய்தி கிட்டிவிடும், காரணம் கிட்டாது. ‘மூணு மணி நேரம் சினிமா பார்க்கிறானே, புத்தகம் எடுத்தால் மட்டும் எங்கே போகிறது கவனம்’ என்று கேட்கிற பெற்றோருக்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. திரைப்படம் தானாக நகர்கிறது. நொடிக்கு நொடி புதிதாக ஒன்றைக் காட்டி, நழுவிய கண்ணைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அச்சிட்ட பக்கம் அசையாமல் கிடக்கிறது. அதை நகர்த்துவது முழுக்க வாசிப்பவரின் வேலை. திரைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்த பிள்ளையிடமும் ‘வில்லன் ஏன் அப்படிச் செஞ்சான்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே தமிழுக்கே உரிய ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். நான் மேலே சொன்ன ஆய்வுகள் ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. ஆங்கிலத்தில் காரணத்தைக் காட்டும் சொல் தனியே நிற்கும். கண் வேகமாக ஓடினாலும் அது தட்டுப்படும். தமிழில் காரணம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பத்தியைப் பார்ப்போம். ‘பருவமழை இரண்டு ஆண்டுகள் பொய்த்ததால் ஏரி வற்றியது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த உழவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டினர். பலரும் ஒரே நேரத்தில் நீர் இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, ஊர்ப் பொதுக்கிணறும் வறண்டது. பின்னர் நல்ல மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை. வரத்து வாய்க்கால் தூர்ந்திருந்தது.’ இதில் ‘பொய்த்ததால்’ என்பதன் கடைசி ஓசைதான் முதல் காரணத்தைச் சுமக்கிறது. ‘பெய்தும்’ என்பதில் உள்ள ‘உம்’ வாசகரின் எதிர்பார்ப்பை அப்படியே கவிழ்க்கிறது. அதை ‘பெய்து’ என்று வாசித்துவிட்டால் வாக்கியமே குலைந்துபோகும். ‘படித்தால்’, ‘படித்தாலும்’ இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரே ஓர் உம். கவனம் சிதறும் பிள்ளை சொல்லின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியை ஊகித்துவிட்டு ஓடுகிறது. நம் மொழியோ முக்கியமானதைப் பின்பாதியில் வைத்திருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. ‘நீர்மட்டம் தாழ்ந்து, பொதுக்கிணறும் வறண்டது’ என்பதில் வரும் ‘தாழ்ந்து’ வினையெச்சம். ‘குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போனான்’ என்பதிலும் அதே வினையெச்சம்தான். ஒன்றில் அது வெறும் வரிசை. மற்றதில் அது காரணம். எது எப்போது என்பதை வடிவம் சொல்லாது, வாசிப்பவர் தம் அறிவால் நிரப்பிக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு முற்றுப்புள்ளி மட்டும் நிற்கிறது. ஏரி ஏன் நிரம்பவில்லை என்பதற்கான காரணம் அதற்குப் பின்னால் எந்த உருபும் இல்லாமல் கிடக்கிறது. வினைமுற்று வாக்கியத்தின் முடிவில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் வந்ததையெல்லாம் கையில் ஏந்திக்கொண்டே கடைசிவரை போக வேண்டும். எழுவாய் பல இடங்களில் தோன்றாமலே நிற்கும். யார் செய்தது என்பதை முன்வாக்கியத்திலிருந்து கொண்டுவர வேண்டும். இதற்கெல்லாம் மேல், பிள்ளை வீட்டில் பேசும் தமிழ் வேறு, பாடநூல் தமிழ் வேறு. ‘பொய்த்தது’ என்றால் பொய் சொன்னது என்று நினைக்கும் பிள்ளைக்கு முதல் வரியிலேயே கோவை அறுந்துவிடுகிறது. தமிழ் கடினமான மொழி என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மொழியிலும் கோவை அறுவதற்கு அதற்கே உரிய இடங்கள் உண்டு. தமிழில் அந்த இடங்கள் எவை என்று நமக்குத் தெரிந்திருந்தால், ‘கவனமாப் படி’ என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, எதைக் கவனிப்பது என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.

அப்படிச் சொல்வது நடைமுறையில் எப்படி இருக்கும்? அந்த ஏரிப் பத்தியையே எடுத்துக்கொள்வோம். வாசிக்கும் முன் இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லிவிடலாம்: ‘ஒரு ஊர்ல ஏரி வத்திப் போச்சு. திரும்ப மழை வந்துச்சு, ஆனா ஏரி நிரம்பல. ஏன்னு கண்டுபிடி.’ இப்போது பிள்ளை தேடுவதற்கு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறது. முதல் வாக்கியத்தோடு நிறுத்த வேண்டும். முழுப் பத்தியையும் ஒரே மூச்சில் வாசிக்க விட்டு இறுதியில் கேள்வி கேட்டால், அறுந்த இடம் நமக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. நிறுத்திய இடத்தில் கேட்க வேண்டியவை சில எளிய கேள்விகள்: யாரைப் பத்தி? என்ன ஆச்சு? ஏன் ஆச்சு? விடை பேச்சுத் தமிழில் வரட்டும். அதைத் திருத்த வேண்டாம். பாடநூல் நடையில் ஒப்பித்தால் புரிந்ததா என்று தெரியாது. ‘மழை பெய்யல, அதான் வத்திச்சு’ என்று சொன்னால் தெரியும். சொன்னதைச் சிலேட்டிலோ தாளிலோ ஒரு சொல்லாக எழுதி, அடுத்ததை எழுதி, இடையில் ஓர் அம்புக்குறி போட வேண்டும். மழை இல்லை, ஏரி வற்றியது, ஆழ்துளைக் கிணறு, நீர்மட்டம் தாழ்ந்தது, பொதுக்கிணறு வறண்டது. மனத்தில் ஏந்தி நிற்கக் கடினமாக இருந்த சுமை இப்போது தாளில் இறங்கிவிட்டது. அடுத்த வாக்கியத்துக்குப் போகும்போது பிள்ளைக்கு வெறுங்கை. ‘பெய்தும்’ என்ற இடம் வந்ததும் அம்பு நேராகப் போகாது, வளைந்தாக வேண்டும். அங்கே ‘மழைதான் பெஞ்சுதே, அப்புறம் என்ன’ என்று பிள்ளையே கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்வி எழுந்தால் வாய்க்கால் தூர்ந்த செய்தி தானாக வந்து தன் இடத்தில் உட்காரும்.

இது என் கற்பனையில் உதித்த முறை இல்லை. பாலின்க்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பில் எழுத்து வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத மாணவர்களோடு இதையொத்த உரையாடல் வழியைக் கையாண்டார்கள். முன்கூட்டி ஊகித்தல், கேள்வி எழுப்புதல், புரியாத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுதல், சுருக்கிச் சொல்லுதல் ஆகிய நான்கு வேலைகளையும் ஆசிரியர் முதலில் செய்துகாட்டுகிறார். போகப் போக மாணவர்களே ஆசிரியர் இடத்தில் அமர்கிறார்கள். 20 நாள் அளவிலான பயிற்சியில் புரிதல் தெளிவாக உயர்ந்தது. பத்தாண்டு கழித்து ரோசன்ஷைன், மைஸ்டர் இருவரும் இத்தகைய 16 ஆய்வுகளை ஒன்றாக எடுத்து மதிப்பிட்டார்கள். ஆய்வாளர்களே வகுத்த தேர்வுகளில் பலன் பெரிதாகவும், பொதுத் தரத் தேர்வுகளில் பலன் மிதமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 1984-இன் மாணவர்கள் கவனச் சிக்கலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், மில்லரும் லார்ச்சும் காட்டிய அறுபடும் இடமும், இந்த முறை கை வைக்கும் இடமும் ஒன்றே. என் வாதம் அந்தப் பொருத்தத்தின் மேல் நிற்கிறது.

வாசிக்கும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுவதா, அப்புறம் வாசிக்க என்ன இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம். 1988-இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் பேஸ்பால் நன்கு தெரிந்த மாணவர்கள், வாசிப்பில் வல்லவர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களை மிஞ்சினார்கள். நம் ஊரில் இதைக் கிரிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். விஷயம் தெரிந்தவருக்கு ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே உள்ள ஓர் ஆணியில் மாட்டிக்கொள்கிறது. ஏந்தி நிற்கும் சுமை குறைகிறது. செயல்நினைவு நெருக்கடியில் உள்ள பிள்ளைக்கு இந்த உதவி மற்றவர்களைவிட அதிகம் தேவை. ஆகவே வரத்து வாய்க்கால் என்றால் என்ன என்று பத்தியைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் பேசுவது பாடத்தைக் கெடுப்பது ஆகாது. ஏரிக்கரை ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டாம். நகரத்து அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு வேண்டும்.

இனி, முக்கியமான மறுப்புக்கு வருகிறேன். நோய்க்கு மருந்து இருக்கும்போது வாசிப்பில் ஏன் இத்தனை பாடு, மருந்தால் கவனம் சீராகிவிட்டால் புரிதல் தானே வந்துவிடாதா என்பது அது. மருந்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. 1999-இல் வெளியான, 579 பிள்ளைகளை 14 மாதங்கள் பின்தொடர்ந்த அமெரிக்கக் கூட்டாய்வு, கவனமாக அளவிட்டுக் கொடுக்கப்பட்ட மருந்து ஏ.டி.எச்.டி.யின் அடிப்படை அறிகுறிகளை நன்கு குறைப்பதை நிறுவியது. அதனால் நிம்மதி அடைந்த குடும்பங்கள் ஏராளம். மருந்து வேண்டுமா என்பது மருத்துவரும் பெற்றோரும் கலந்து முடிவுசெய்ய வேண்டியது, இந்த மேடையில் அதற்கு இடமில்லை. ஆனால், கவனம் சீரானால் வாசிப்பு தானாக வருமா என்ற கேள்வியை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். டாம், டென்டன், எப்ஸ்டைன் முதலானோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி.யும் வாசிப்புத் தடையும் சேர்ந்திருந்த 216 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்தும் பெற்றோர் பயிற்சியும், இன்னொன்றுக்குத் தீவிர வாசிப்புப் பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரங்களுக்குப் பின், மருந்து கிடைத்தவர்களின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. சொற்களை வாசிப்பதில் முன்னேறியவர்கள் வாசிப்புப் பயிற்சி கிடைத்தவர்கள். மருந்து கவனத்துக்கு, பயிற்சி வாசிப்புக்கு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யவில்லை.

2022-இல் பெல்ஹாம் குழுவினர் ஃபுளோரிடாவில் 173 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. ஒரே பிள்ளை சில வாரங்கள் மருந்தோடும், சில வாரங்கள் மருந்தைப் போன்ற வெற்று மாத்திரையோடும் சொற்பொருள், அறிவியல், சமூகவியல் பாடங்களைக் கற்றது. மருந்து உட்கொண்ட நாட்களில் பிள்ளைகள் நிமிடத்துக்கு 37 விழுக்காடு கூடுதலான கணக்குகளைப் போட்டார்கள். விதிமீறல்கள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆனால், சொல்லிக்கொடுத்த பாடத்தைக் கற்றுக்கொண்ட அளவில் வேறுபாடு தென்படவில்லை. அதிக வேலை முடிந்தது, அதிகமாகக் கற்றது நிகழவில்லை. வகுப்பில் பிள்ளை அமைதியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் காட்சி நம்மை எவ்வளவு எளிதில் திருப்திப்படுத்திவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. நினைவாற்றல் பயிற்சி என்று கணினி விளையாட்டுகளை விற்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் 2013-இல் செய்த தொகுப்பாய்வு, அந்தப் பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பயிற்சியைப் போன்ற சோதனைகளில் முன்னேறுவதையும், வாசிப்பு போன்ற திறன்களுக்கு அந்த முன்னேற்றம் பரவுவதாகச் சொல்ல நம்பகமான சான்று இல்லை என்பதையும் காட்டியது. அந்தப் பணத்துக்கு நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கலாம்.

இன்னொரு மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திக் கேள்வி கேட்டால் பிள்ளை அந்தக் கேள்விக்கே பழகிவிடாதா? தேர்வறையில் யார் வந்து நிறுத்துவார்கள்? இந்த அச்சம் நியாயமானது. உதவி எப்போது விலக வேண்டும் என்று திட்டமிடாமல் உதவினால் அது ஊன்றுகோலாகவே தங்கிவிடும். ஆகவே, நிறுத்தும் இடங்கள் வாக்கியத்திலிருந்து பத்திக்கு நகர வேண்டும். நாம் குறித்துக்கொடுத்த இடத்திலிருந்து, பிள்ளையே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளும் இடத்துக்கு நகர வேண்டும். கேள்வி நம் வாயிலிருந்து பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டும். பாலின்க்சரும் பிரவுனும் மாணவரை ஆசிரியர் இடத்தில் அமர்த்தியது இதற்காகவே. நாம் இப்போது கொடுத்துவரும் உதவியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளுக்கு நோட்ஸில் அச்சிட்ட விடையை மனப்பாடம் செய்யவைக்கிறோம். பிள்ளை மதிப்பெண் வாங்குகிறது. புதிய பத்தி ஒன்றைக் கண்டால் விழிக்கிறது. தேர்வறையில் கைவிடும் உதவி எது என்று கேட்டால், நான் அதைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

40 பேரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையோடு எப்படி உட்காருவது என்ற கேள்விக்கு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஃபுக்ஸ், லின் ஃபுக்ஸ் இருவரும் வகுத்த இணை வாசிப்பு முறை ஒரு வழி காட்டுகிறது. வாரத்தில் மூன்று நாள், 35 நிமிடம், வகுப்பு முழுவதும் இருவர் இருவராக அமர்கிறது. ஒருவர் ஒரு பத்தியை வாசிக்கிறார். இது யாரைப் பற்றியது, அவரைப் பற்றி முக்கியமாக என்ன சொல்கிறது என்று மற்றவர் கேட்கிறார். வாசித்தவர் அதைப் பத்துச் சொல்லுக்குள் அடக்கிச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு சொல்லே ஆங்கிலத்தின் பல சொற்களைச் சுமக்கக்கூடும் என்பதால், நமக்கு ஆறு சொல் போதும். ‘வாய்க்கால் தூர்ந்ததால் மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை’: ஆறே சொல். இதில் கவனச் சிக்கல் உள்ள பிள்ளை தனியே நிறுத்தப்படுவதில்லை. எல்லோரும் செய்வதையே அவளும் செய்கிறாள். ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்க முடியாத வேலை என்பதால், அவளுக்கு அது கூடுதலாகப் பொருந்துகிறது. காரணத்தைப் பிடிக்கும் பழக்கம் மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டாததும் இல்லை.

நம் சட்டம் இந்தப் பிள்ளைகளை எங்கே வைத்திருக்கிறது என்பதையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்காகப் பெற்றோர் அலைவதில் தவறே இல்லை. ஆனால், கோவை அறுந்த வாசிப்புக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தால், அறுந்த வாசிப்பு ஒரு மணி நேரம் நீளும். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை ஆண்டின் மற்ற நாட்களில் யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘எது வற்றியது’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் எழுதிவிடும். ‘மழை பெய்தும் ஏரி ஏன் நிரம்பவில்லை’ என்று முன்பின் படித்திராத ஒரு பத்தியிலிருந்து கேளுங்கள். வகுப்பறை தன் நேரத்தை எதில் செலவிடும் என்பதை அந்த ஒரு கேள்வி மாற்றிவிடும்.

வீட்டில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு மிகக் கடினமாக இருக்கப்போவது நேரம் ஒதுக்குவது அன்று. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பத்தி, பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும்; பிள்ளை களைத்துவிட்டால் அங்கேயே மூடிவிடலாம், நாளைக்கும் ஏரி அங்கேதான் இருக்கும். கடினமானது, கேள்வி கேட்டபின் வாய் மூடி இருப்பது. ‘ஏன் நிரம்பல?’ என்று கேட்டதும் பிள்ளை ‘தெரியல’ என்னும். உடனே விடையைச் சொல்லிவிடத் தோன்றும். அல்லது ‘இதுகூடத் தெரியலையா’ என்று கேட்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். பக்கத்தைத் திரும்பத் திறந்து, ‘பெய்தும்’ என்ற சொல்லின் மேல் விரலை வையுங்கள். ‘இந்த உம் எதுக்கு வந்திருக்கு, பாரு’ என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு, அவள் கண் அந்த உம்மிலிருந்து அடுத்த வரியின் வாய்க்காலுக்குத் தானாகப் போய்ச் சேரும்வரை காத்திருங்கள்.